பதினான்கு விநாடி

ஹைமாவிலிருந்து அறுபது கிலோமீட்டர் உள்ளே
குழாய் பதிக்கிற எங்கள் கேம்ப்பில்
ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் மட்டும் சிக்னல் வரும்.
அதுவும் தெற்கிலிருந்து காற்றடித்தால்தான் என்பான் ஓஜோக்.
காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று
இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.
இப்போது நானும்
காற்றைப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுக்கிறேன்.

கேட்டில் நிற்கும் காவலாளி அவன்.
உகாண்டாவில் கிட்கும் பக்கம் ஊர்.
அவன் மனைவி லாமுனு ஒரு வார்த்தை பேச வேண்டுமானால்
சார்ஜ் போட ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும்,
ஐந்நூறு ஷில்லிங் கொடுக்க வேண்டும்,
திரும்பி வந்து
வீட்டுக்குக் கிழக்கே உள்ள கறையான் புற்றின் மேல்
ஏறி நிற்க வேண்டும்.
உச்சியில் இரண்டு கோடு. இறங்கினால் ஒன்றுமில்லை.
எங்கள் பக்கம் புற்றுக்குப் பால் வார்ப்பார்கள் என்றேன்.
"வார்த்தால் மூன்று கோடு வருமா?"
சிரிக்காமல் கேட்டான்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று
போன வாரம் ஒரு வரி வந்தது.
அப்புறம் நான்கு நாள் எதுவும் இல்லை.
செவ்வாய் இரவு, ஒரு குரல் பதிவு.
பதினான்கு விநாடி என்று போட்டிருந்தது.
பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு.
அம்பைத் தொட்டால் வட்டம்.
வட்டம் சுற்றியது, சுற்றியது.
செக்குமாடு இத்தனை சுற்றினால்
ஒரு கரண்டி எண்ணெயாவது வந்திருக்கும்.

புதனன்று கஸ்டமர் கேருக்கு நான் பேசினேன்.
அரபிக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, இந்திக்கு மூன்று.
பதினேழு நிமிடம் பாட்டு.
பிறகு ஒரு பெண், மிகவும் மரியாதையாக:
"சார், நீங்கள் சொல்கிற இடத்தில்
யாரும் இருப்பதாகவே மேப்பில் காட்டவில்லையே."
இருநூற்றுப் பதினொரு பேர் என்றேன்.
லைன் அறுந்தது. அவளா அறுத்தாள், அதுவாக அறுந்ததா
தெரியாது.

வியாழன் இரவு ஓஜோக் தண்ணீர் டேங்கின் மேல் ஏறினான்.
சூப்பர்வைசர் டார்ச் அடித்து இறக்கினார்.
அரை நாள் சம்பளம் போயிற்று.

வெள்ளி காலை தண்ணீர் லாரி கிளம்பும்போது
யோசனை சொன்னது நான்தான்:
நாம் போக முடியாது. போன் போகலாம்.
ஷேர் ஜமான் கையில் போனைக் கொடுத்தான்,
பூட்டைத் திறக்கிற நான்கு எண்ணும் சொன்னான்.
மகன் பிறந்த வருடம்.
டாஷ்போர்டில் ஒரு துண்டை மடித்து
அதன் மேல் போனை வைத்தார் ஷேர் ஜமான்,
முட்டை வைப்பதுபோல.

அன்று முழுக்க ஓஜோக்கின் கை
காலிப் பாக்கெட்டைத் தட்டிக்கொண்டே இருந்தது.

லாரி மாலையில் வந்தது.
"இறங்கிவிட்டது, நான் கேட்கவில்லை,
அல்லா மேல் ஆணை" என்றார்.
ஜெனரேட்டர் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போய்
மணலில் உட்கார்ந்து அழுத்தினான்.

கோபமான பெண் குரல்.
ஒரு சொல் எனக்குப் புரியவில்லை.
ஆனால் திட்டுக்கு அகராதி எதற்கு?
ஓஜோக் தோள் குலுங்கச் சிரித்தான்.
"நெட்வொர்க்காரனைத் திட்டுகிறாள்.
அவன் அப்பனை, அவன் டவரை,
டவரில் கூடு கட்டின கொக்கை.
அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை."

பிள்ளை?

திரும்பப் போட்டான்.
பன்னிரண்டாவது விநாடியில்,
புற்றுக்குக் கீழே எங்கிருந்தோ,
அவள் திட்டின கடைசிச் சொல்லை அப்படியே
கத்திச் சொல்லிக் குதிக்கிறது ஒரு சின்னக் குரல்.
காய்ச்சல்காரன் குரல் இல்லை அது.

இருபது தடவையாவது கேட்டிருப்போம்.
சோறு முடிந்து மெஸ் பூட்டிவிட்டார்கள்.

பதில் பேசி அனுப்பினான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை.
பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் வந்து நின்றது.
ஓஜோக் விரலை எச்சிலில் நனைத்து
மேலே தூக்கிப் பிடித்தான்.
வடக்குக் காற்று.