மழை பெய்ததாகக் குறிப்பு

திங்கள்சந்தை, ஸ்டெல்லா டாக்கீஸ்.
மரச்சீனி விற்ற காசு மடியில் ஈரமாய்க் கிடக்க
பெஞ்சுக்கு நாற்பது பைசா கொடுத்து உட்கார்ந்தார்கள்.
நான் மேலே, கார்பன் குச்சியோடு.

படத்தில் ராஜாவுக்குச் சளி.
ஆகையால் நாடெங்கும் மூக்கைச் சிந்தச் சொல்லி முரசு.
சளி பிடிக்காதவன் துரோகி.
மிளகுப்பொடிக்கு மந்திரிமார் வரிசையில் நின்றார்கள்.

மதராஸிலிருந்து தந்தி:
ஒன்பதாம் ரீலில் நாற்பது அடி வெட்டு.
வெட்டினேன்.
வெட்டிய இடத்தில் அதே நீளத்துக்கு
வெறும் பிலிமை வைத்து ஒட்டினேன்.
ஏனென்று இப்போது கேட்டாலும் தெரியாது.
ரீல் குட்டையாவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அவசர நிலை. மாசி மாசம்.
மூன்றாம் பெஞ்சில் கான்ஸ்டபிள் தாசையன்,
தொப்பியை முட்டில் கவிழ்த்து, நோட்டும் பென்சிலுமாய்.
எவன் எங்கே சிரிக்கிறான் என்று எழுதிவர உத்தரவு.
நோட்டை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.
எட்டு ரீல் வரை
துட்டி வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்கள்.

ஒன்பதாம் ரீல்.
ராஜா வாயைத் திறந்தார், மூக்கு சுருங்கியது,
திரை வெளுத்தது.
வெள்ளை.
இன்னும் வெள்ளை.
தகரக் கூரையில் பலா இலை விழுந்தது கேட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் சிரிப்பு.
மீன்காரி புஷ்பபாய் என்றார்கள் பிறகு,
இல்லை, அவள் அன்றைக்கு வரவே இல்லை என்றும் சொன்னார்கள்.
பிறகு கொட்டகை முழுக்க.
ராஜா திரும்பி வந்த பின்னும் நிற்கவில்லை.

தாசையன் படியேறி வந்தார்.
"எதுக்குவே சிரிக்கானுவ? அங்க ஒண்ணும் இல்லியே."
"ஒண்ணும் இல்லதான்" என்றேன்.
பென்சில் நுனியை நாக்கில் தொட்டபடி
கொஞ்ச நேரம் நின்றார்.

புதன்கிழமை படத்துக்கே தடை.
பெட்டிக்கு அரக்கு, மகஜரில் சாட்சியாக என் ஒப்பு.
ஸ்டேஷன் மேசையில் அந்த நோட்டு விரிந்து கிடந்தது:
'இரவு பதினொன்றே முக்கால். கூரையில் பலத்த மழை.
வேறு சத்தம் ஏதும் காதில் விழவில்லை.'
மாசியில்.
கிணறு வற்றி, சோடாக் கடைக்கே
இரணியலிலிருந்து தண்ணீர் வந்த மாசியில்.

அடுத்த வாரம் பக்திப்படம்.
அம்மன் கண் திறக்கும்போது பிலிம் அறுந்து
திரை வெளுத்தது.
மூன்றாம் பெஞ்சில்,
நோட்டில்லாமல், காக்கி இல்லாமல், வேட்டியில்
ஒருவர் மட்டும் சிரித்தார்.
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பசை டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
நான் கொஞ்சம் தேடினேன்.