ஒற்றைக் காலுறை

ஈசாஃப்யோர்துர் நீச்சல் குளத்தில் இறங்குமுன்
உடுப்பு மொத்தத்தையும் களைந்து
சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும்.
எங்கெங்கே தேய்ப்பதென்று சுவரில் ஒரு படம்:
தலை, அக்குள், கவடு, பாதம்,
நான்கிலும் சிவப்பு வட்டம்.
கதவில்லை. மீன் ஆலைக்காரியும் நீதிபதியும்
ஒரே வெந்நீரின் கீழ்.

பதின்மூன்று வயதில் வலது தோளில்
காப்பி சிந்தியதுபோல ஒரு மறு.
அம்மா எலுமிச்சை தேய்த்தாள்.
மறுவருஷம் அது மார்புக்கு இறங்கிவிட்டது,
பிய்ந்த கரையும்
பக்கத்தில் பொடிப்பொடித் தீவுகளும்
மேலே கறுப்பு ரோமமுமாக.
அப்புறம் இடது முலை வளர்ந்தது.
வலது,
தகவல் வந்து சேராத ஆள் மாதிரி
நின்ற இடத்திலேயே நின்றது.

பள்ளியில் நீச்சல் கட்டாயம்.
செவ்வாய்தோறும் எனக்குக் காய்ச்சல்.
காய்ச்சல் வராத செவ்வாய்களில்
குளத்துக் காவல்காரி ஸ்வான்லாய்க்
துடைப்பம் வைக்கும் அறையின் சாவியை
ஒன்றும் பேசாமல் நீட்டுவாள்.

அப்பாவின் கம்பளிக் காலுறை ஒன்றைத் திருடினேன்.
சாம்பல் நிறம், குதிகாலில் சிவப்பு வரி.
சுருட்டிப் பிராவுக்குள் வைத்தால் சட்டை நேராக நிற்கும்.
அதன் ஜோடியை
ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடினார் மனுஷர்,
படகில்கூட.

எய்விந்துர் மூன்று வருஷம் என்னோடு வாழ்ந்தான்.
விளக்கணைப்பது என் வேலை.
ஜூனில் இங்கே இருட்டுவதில்லை,
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்தேன்.
அவன் போனது வேறு காரணத்துக்கு.
துணி இன்னும் தொங்குகிறது.

முப்பதில் தலைநகரத்துக்கு விமானம் ஏறினேன்.
ஒட்னி, அறுவை மருத்துவர், ஊதா மையால்
என்மேல் கோடு போட்டாள்.
"தோளை இறக்கு. மூச்சு விடு. இல்லை, நிஜமாக விடு."
தசைக்கடியில் ஒரு காலிப் பை.
வாரம் அறுபது மில்லி உப்புநீர்.
ஊசி போகும் வாயைக் கண்டுபிடிக்கச்
சின்னதாய் ஒரு காந்தம்,
தோலுக்கு மேல் தள்ளாடி
சட்டென்று நிற்கும்.
கடற்கரைக்காரிக்குத் திசைகாட்டி புதிதில்லை,
திசையாக நானே இருப்பதுதான் புதிது.

காற்றடித்தால் விமானம் கிடையாது.
பிப்ரவரியில் மூன்று வாரம்
நூற்றிருபது மில்லியில் நின்றேன்.
அந்த மூன்று வாரமும்
காலுறையைப் பாதி சுருட்டி வைத்துக்கொண்டேன்.

தோல் விரிய விரிய மறுவும் விரிந்தது.
தீவுகள் ஒன்றையொன்று விட்டு நகர்ந்தன.
"லேசர் பிடித்து வெளுக்கலாம்,
திரும்பி வந்தாலும் வரும்" என்றாள் ஒட்னி.
முடியை எடுங்கள் என்றேன்.
நிறம் கிடக்கட்டும்.
ஏனென்று அவள் கேட்கவில்லை, நல்லவேளை.
என்னிடமும் பதிலில்லை.

பைக்குப் பதில் இப்போது சிலிக்கோன்.
சட்டைக்குள் இரண்டும் சமம்.
படுத்தால் இல்லை:
இடது பக்கவாட்டில் சரிகிறது,
வலது கூரையைப் பார்க்கிறது.
பனிக்காற்றில் நடந்து வந்தால்
வலது மட்டும் வெகுநேரம் சில்லென்றே இருக்கும்,
யாரோ வெளியே மறந்துவிட்ட பாத்திரம்போல.

மே மாதம் குளத்துக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை.
ஸ்வான்லாய்க்குக்கு முடி நரைத்திருக்கிறது.
வெந்நீரின் கீழ் பட்டப்பகலாய் நின்றேன்.
மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.
"பாதம் தேய்க்கவில்லை நீ" என்றாள்.

அன்றிரவே காலுறையைத் துவைத்துக்
கணப்பின் மேல் உலர்த்தி
அப்பாவிடம் கொண்டுபோனேன்.
ஜோடியை அவர் எறியவில்லை,
கருவிப்பெட்டியில் வைத்திருந்தார்.
மாட்டிப் பார்த்தார்.
குதிகால் இருக்க வேண்டிய இடத்தில்
உருண்டையாய் ஒரு மேடு.
"இது என் கால் அளவு இல்லையே."
கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிகாலை
அந்த இரண்டையுமே போட்டுக்கொண்டு
படகுக்குப் போனார்.