பத்து விநாடி

குடும்பிமலை மறைந்து ஒரு பகல் கழிந்த இடம்.
வாழைச்சேனைத் துறையிலிருந்து கூலிக்குப் போன படகு எங்களது.
வேலை: மீன் பிடிக்காமல் இருப்பது,
மற்றவர்களையும் பிடிக்க விடாமல் இருப்பது.

ஆய்வுக் கப்பலின் பின்னால் ஆறு கிலோமீற்றர் கேபிள்.
ஒன்பது மீற்றர் ஆழத்தில். கண்ணுக்குத் தெரியாது.
அதன் வாலில் விளக்கு வைத்த மிதவை ஒன்று.
தலைக்கும் வாலுக்கும் நடுவில்
ஒருவரும் வலை போடக் கூடாதென்று
மூன்று மொழியில் சொல்ல வேண்டும்.
எனக்கு இரண்டு தெரியும்.
மூன்றாவதைச் சத்தம் போட்டே சமாளித்தேன்.

இருபது விநாடிக்கு ஒரு தடவை
கடல் இருமும்.
அடிப்பலகை வழியாக அது உள்ளங்காலுக்கு வரும்.
இரண்டாம் நாளே என் நித்திரையும்
இருபது இருபது விநாடியாய் வெட்டுப்பட்டுக் கிடந்தது.

கப்பல்காரர் தந்த தாளில்
காற்றுத் துப்பாக்கி என்று எழுதியிருந்தது.
வானொலியில் அந்தச் சொல்லை எடுக்காதே
என்றார் தண்டயல் இஸ்மத்.
காற்றை வெட்டிப்போட்டு மிச்சத்தைத்தான் கேட்பான்கள்.

ஆய்வு நடக்குது, விலகுங்கோ,
என்று இரண்டு இரவு சொன்னேன்.
ஆருக்குக் கேட்டது?
கச்சான் விழுந்து சூரை ஏறியிருந்த நேரம்.
மூன்றாம் இரவும் எட்டு விளக்கு அசையவில்லை.
ஒருவன் அலைவரிசையில் பாட்டுப் போட்டான்.

மறுகா நான் சொன்னேன்:
வெடி.

எட்டு விளக்கும் ஒன்றாக அணைந்தன.
இருட்டுக்குள் இன்ஜின்கள் எழும்பி மேற்கே ஓடின.
என்ன வெடி, ஆருடைய வெடி
என்று ஒருத்தனும் கேட்கவில்லை.
விளக்கை நூர்த்துவிட்டு ஓடுவதை
ஆரும் ஆருக்கும் பழக்க வேண்டியிருக்கவில்லை.
இஸ்மத் என்னைப் பார்க்கவில்லை.
பாதி குடித்த தேத்தண்ணியைக் கடலில் ஊற்றினார்.

ஏழாம் நாள் பல்லுக்குத்து.
மருந்துக்காகக் கப்பலில் ஏற்றினார்கள்.
வீங்கின கன்னத்தோடு ஒரு திரைக்கு முன்னால் நின்றேன்.
சம்மாந்துறைப் பிள்ளை, ஸமீஹா என்று பெயர்,
விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினாள்.
இது தண்ணி, மூன்றரைக் கிலோமீற்றர்.
இது சேறு. இமயமலையைக் கரைத்துக் கங்கை கொண்டுவந்தது,
நம்மட ஆற்று மண்ணும் கொஞ்சம் இருக்கும்.
இது பாறை.
விரல் நின்றது.
இஞ்ச முடியுது மேலோடு.
நாம அனுப்பின சத்தம் இதில முட்டித் திரும்பிவரப்
பத்து விநாடி.

நம்மட எதிர்க்கரை எது தெரியுமா அண்ணன், என்றாள்.
முந்தி, அண்டார்டிக்கா.
இழுபட்டு மெலிஞ்சு அறுந்துபோன இடம் இது.
எந்த இடத்தில அறுந்ததென்றுதான் தேடுறம்.
சிரிக்கப் பார்த்தேன். பல்லு விடவில்லை.

அப்போதுதான் கண்டேன்,
சேறு, பாறை எல்லாவற்றையும் குறுக்கே கிழித்து
சரிவாக இறங்கிய மெல்லிய கீறல்களை.
இதென்ன, ஆறா?

இரைச்சல், என்றாள்.
மூன்றாம் இரவு ஏதோ படகுகள்
கேபிளுக்குக் கிட்ட ஓடியிருக்கு.
ஒன்றைப் பிடித்துப் பெருப்பித்துக் காட்டினாள்.
மூன்று துடிப்பு, ஒரு விடுதல்.
மூன்று துடிப்பு, ஒரு விடுதல்.

என் தங்கச்சி புருசன் புவிதரனின் இன்ஜின்.
நாலாவது இன்ஜெக்டரை மாற்று மாற்று என்று
இரண்டு வருசமாக நான்தான் அலட்டுகிறேன்.
நாலு பிள்ளைகள், அவனுக்கு எங்கே காசு.
விளக்கில்லாமல், என் ஒற்றைச் சொல்லுக்குப் பயந்து
பூமியின் மேலோடு முழுக்க அவன் ஓடிக்கொண்டிருந்தான்.

தெரிஞ்ச படகா அண்ணன்?
கன்னத்தைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினேன்.
இல்லை என்றுதான் எடுத்திருப்பாள்.

கழுவி எடுத்துடுவம், என்று எதையோ அழுத்தினாள்.
கீறல்கள் போய்விட்டன.
பாறை தெரிந்தது, அடி வரைக்கும்.
இப்ப எப்பிடி, என்றாள்.
வடிவாத் தெரியுது, என்றேன்.