பதினோராம் பக்கம்

சோஹார் தொழிற்பேட்டை. மாலை ஆறு.
ஏசி சொட்டுவதற்கு வைத்த வாளி
நிரம்பும் சத்தத்துக்கு நடுவே
பதினோராம் பக்கத்தைத் தட்டச்சு செய்கிறேன்.
முதல் பத்துப் பக்கமும் நாங்கள் செய்யப்போவது.
இது, செய்யாதது.
தலைப்பு: சேராதவை.

முன்பு இந்தப் பக்கம் இல்லை.
அத்தர் கடை கல்ஃபானுக்குக் கொடுத்த விலைப்புள்ளி
ஏழே பக்கம், கடைசியில் ஒரு நன்றி.
ஆறு அலமாரி, ஒரு கல்லா மேசை, பொய்க்கூரை.
நாற்பது நாள்.
நாலாயிரத்து இருநூறு ரியால்,
அதற்குப் பின்னால் புள்ளி வைத்து மூன்று பூஜ்யம்.
பைசாவை ஆயிரத்தில் ஒன்றாய் எண்ணும் நாடு இது.
அவ்வளவு கவனமாகத்தான் தொடங்கினேன்.

மூன்றாம் நாள் வந்தார்
கஹ்வா குடுவையோடு, பேரீச்சைத் தட்டோடு.
தச்சன் சேசுராசனுக்குத் தானே ஊற்றிக் கொடுத்து,
அலமாரியை ஒரு சாண் உயர்த்தலாமா என்று கேட்டார்.
மாஃபி முஷ்கில், என்றேன்.
ஒரு சாண்தானே.

சாண் ஏறியதும் விளக்கு இடித்தது.
விளக்கு நகர்ந்ததும் பொய்க்கூரை பிளந்தது.
பிளந்ததுதான் பிளந்தது,
உள்ளே இரண்டு ஸ்பீக்கர் வைக்கலாமே.
மாஃபி முஷ்கில்.
பின்னறை சும்மாதானே கிடக்கிறது, ஒரு மஜ்லிஸ்.
மஜ்லிஸுக்குத் தனி வாசல்.
வாசலுக்குப் படி.
படியைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது அவருக்கு,
அண்ணன் சக்கர நாற்காலியில் வருவார் என்று.
அதற்கு நான் மாஃபி முஷ்கில் கூடச் சொல்லவில்லை.
அன்று மாலையே சிமெண்ட் வரவழைத்தேன்.

நாற்பது நாள் தொண்ணூற்றாறு நாளானது.
நடுவில் நோன்பு வந்து, பெருநாளும் போனது.
சேசுராசன் மகளின் முதல் நற்கருணைக்கு எடுத்த டிக்கெட்டை மாற்றி,
மாற்றியதையும் மாற்றி,
கடைசியில் போனில் பார்த்தான்,
சுவரில் சாய்த்து வைத்து,
ட்ரில்லை நிறுத்தச் சொல்லி நஸ்ருலுக்குச் சைகை காட்டியபடி.
"முடிஞ்சிருமா மேடம்?" என்று அவன் கேட்டது
வேலையைத்தான்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று
கணக்கைப் பார்த்துப் பல்லைக் கடித்தார் முதலாளி.
யாரும் பிடுங்கவில்லை ஐயா.
செங்கல் செங்கலாக நானே சுமந்துபோய்
அவர் வாசலில் அடுக்கினேன்.

கூடுதல் வேலைப் பட்டியலை நீட்டினேன்:
ஆயிரத்து நூற்று எண்பத்தேழு ரியால், அறுநூற்றைம்பது பைசா.
கல்ஃபான் கோபப்படவில்லை.
கண்ணாடியை மாட்டி, வரி வரியாக விரல் ஓட்டி,
நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.
"நான் கேட்டது கேள்விதானே.
நீங்கள்தான் பதில் சொல்லாமல்
வேலை செய்துவிட்டீர்கள்.
விலை சொல்லியிருந்தால்
ஸ்பீக்கர் வேண்டாம் என்றிருப்பேனே."

பாதி கொடுத்தார்.
மீதிக்கு ஒரு குப்பி ஊத் எண்ணெய்.
இன்னும் திறக்கவில்லை.
மேசையில் காகிதம் பறக்காமல் அமர்த்தி வைத்திருக்கிறது.

இப்போது அதன் அடியில் இருப்பது
பல் மருத்துவர் ஷம்சாவின் வரைபடம்.
எழுதிக்கொண்டே போகிறேன்.
வரைபடத்தில் இல்லாத மின்புள்ளி, சேராது.
சும்மா கிடக்கும் அறை, சும்மாவே கிடக்கும்.
அளவுகள் மில்லிமீட்டரில். சாண் ஏற்கப்படாது.
(முதலாளி சிரிப்பார். இருக்கட்டும்.)
மாற்றம் வேண்டுவோர் இணைத்த தாளில் எழுதவும்:
என்ன, எவ்வளவு, எத்தனை நாள்.
இரு தரப்புக் கையெழுத்துக்குப் பிறகே
உளி மரத்தைத் தொடும்.
மாஃபி முஷ்கில் என்ற சொல் மட்டும்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

சக்கர நாற்காலிக்கான சரிவு, சேராது
என்று அடித்துவிட்டு
நிற்கிறேன்.
வாளி வழிந்து தரையில் ஓடுகிறது.

அந்த வரியை அழிக்கிறேன்.
நாலாம் பக்கத்துக்குப் போய்,
நுழைவாயிலுக்குக் கீழே
ஒரு வரி நுழைக்கிறேன்:
சரிவுப் பாதை, ஒன்று.
எதிரே
அதன் விலை.