நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

கோரிமேடு ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி அறை.
சுவரெல்லாம் துளைபோட்ட பஞ்சுப் பலகை,
ஐஸ்பெட்டி மாதிரி மூடிக்கொண்ட கதவு.
"சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க சார்,
எவ்வளவு சின்னதா இருந்தாலும்."
இருபத்திரண்டு வருஷத்தில்
எந்த மேடையிலும் எனக்குக் கிடைக்காத அமைதி.
மூலையில் எங்கோ ஒரு டியூப்லைட் சோக்கு,
ஐம்பது ஹெர்ட்ஸின் இரட்டை, நூறு.
அதற்கும் அமுக்கிவிட்டேன்.

ஆயிரத்தில் அமுக்கினேன்.
இரண்டாயிரத்தில் அமுக்கினேன்.
பிறகு ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை.
கேபிள் கழன்றிருக்கும் என்று
ஹெட்போன் முனையைத் திருகிப் பார்த்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண்
தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

காகிதத்தை விளக்க வந்தாள். வேண்டாம் என்றேன்.
தினமும் இந்தக் கோடுகளில் சோறு தின்பவன்.
நேராக வந்து
நாலாயிரத்தில் தொபுக்கென்று விழுந்து
எட்டாயிரத்தில் பாதி ஏறி மூச்சு வாங்குகிறது.
இரண்டு காதும் அதே இடத்தில்.
என் சேனலில் யாராவது இப்படி வெட்டியிருந்தால்
"எவன்டா கை வெச்சது?" என்று கத்தியிருப்பேன்.

கை வைத்தது வைத்திக்குப்பம் மாசி மகமாக இருக்கலாம்.
டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஆறு மணி நேரம்.
இல்லை, பாகூரில் அந்தக் கல்யாண வெடி.

பஸ் நிறுத்தத்தில் காற்றுக்குக் காகிதம் புரண்டது.
தலைகீழாய்ப் பார்த்தால் பள்ளம் ஒரு குன்று.
இந்தக் குன்றை எனக்குத் தெரியும்.
இதன்மேல் என் விரல் ஏறாத இரவில்லை.
பாடகிகளின் 'ச' மங்கிவிட்டது என்று
முதலில் மூன்று டெசிபல்,
போன தீபாவளிக்குள் ஏழு.
என் பள்ளத்தை நான்
ஊரார் காதில் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வில்லியனூரில் முன்வரிசைப் பெண்ணொருத்தி
முந்தானையால் காதைப் பொத்தியபடியே
கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்திருந்தாள்.
மார்கழிப் பனி என்று நினைத்துக்கொண்டேன்.
கீபோர்டு லூர்துநாதன் ஒருநாள்
"கலிவரதா, உன் சவுண்டு வரவர
தகரத்தை நக்குற மாதிரி இருக்கு" என்றான்.
அவனோடு நாலு மாதம் பேசவில்லை.
பேசாமல்தான் அவன் கீபோர்டையும் மிக்ஸ் செய்தேன்.

இன்று கடற்கரைச் சாலையில், பழைய கலங்கரை விளக்கருகே மேடை.
உப்புக் காற்றில் கேபிள் முனையெல்லாம் பச்சை.
அலை கருங்கல்லில் மோதி உடைவது தெரிகிறது,
தும்கூடக் கேட்கிறது,
உடைந்தபின் கல்லிடுக்கில் இறங்கும் அந்த ஸ்ஸ் மட்டும்
யாரோ ம்யூட் போட்டமாதிரி.

பெர்னதெத் வந்து மைக்கைத் தட்டினாள்.
"செக், செக்... அண்ணே, ஓகேவா?"
கட்டைவிரல் காட்டினேன்.
குன்றின் உச்சியில் விரல் வைத்து
ஒவ்வொரு டெசிபலாக இறக்கினேன்,
கோடு தரையாகும்வரை.
அவள் குரல் ஈரச் சாக்குக்குப் பின்னால் போயிற்று.
பல்லும் பல்லும் சேர்வதைப் பார்த்துத்தான்
அது 'ச' என்று தெரிந்துகொண்டேன்.

விரல் தானாக மேலே போகப் பார்த்தது.
எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்,
அந்தக் காகிதத்தோடு.

லூர்துநாதன் மேடையிலிருந்து திரும்பிப் பார்த்தான்.
என்ன நினைத்தான், தெரியாது.

எனக்கு நன்றாகவே இல்லை.
அப்படியே விட்டேன்.