மற்றவை

பச்சைத் தேயிலை எடை எழுதும் கை இது.
இப்போது அதில் ஒரு கறுப்புப் பட்டை.
காலையில் ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு.
மருந்தாகவும் இருக்கலாம், வெறும் மாவாகவும் இருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
சென்னையில் திரைக்குள் உட்கார்ந்திருக்கும்
ஃபர்ஹானாவுக்கும் தெரியாதாம்.
தெரியக்கூடாது என்பதுதான் விதியாம்.
அதனாலேயே அவளைப் பிடித்துப்போனது.

மஞ்சூருக்குக் கீழே கெத்தைச் சாலையில்
மூன்றாவது வளைவில்தான் சிக்னல்.
செவ்வாய்தோறும் நாலு மணிக்கு
பால் சொசைட்டிச் சுவரில் சாய்ந்து
நாக்கை நீட்டிக் காட்டுவேன்,
கணுக்காலை அழுத்தி, குழி விழுகிறதா என்று காட்டுவேன்.
பள்ளிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போகும்.
அவள் தலைக்குமேல் மின்விசிறி. நான் ஸ்வெட்டரில்.
"அங்க ரொம்பக் குளிராக்கா?"
இந்தக் கேள்வி அவள் தாளில் இல்லை.

ஒரு தடவை கேட்டாள்:
பதினொன்றாம் தேதி, விடியல் ஐந்து நாற்பது,
நாடி நூற்று நாற்பத்தெட்டு.
மாடி ஏறினீர்களா, காய்ச்சலா, கோபமா?
காட்டுமாடு, என்றேன்.
குழாயடியில், பத்தடி தள்ளி.
குடம் நிரம்பி வழிய
அதுவும் நானும் மூச்சு விட்டுக்கொண்டு நின்றோம்.
தட்டச்சுச் சத்தம் கேட்டது. நின்றது.
"அதுக்கு இதுல கட்டம் இல்லக்கா.
மற்றவைன்னு போட்டுக்கறேன்."

ஐப்பசியில் மூன்று நாள்
எதிரே நின்ற ஆள் தெரியவில்லை.
லைன்மேன் ஜீப் குந்தாவிலேயே நின்றுவிட்டது.
கோபுரத்தில் டீசலும் தீர்ந்தது.
பட்டை ஆறு மணி நேரம் நினைவில் வைக்கும்,
அதற்குமேல் மறந்துவிடும்.
முப்பத்தொரு மணி நேரம்
நான் எந்தக் கணக்கிலும் இல்லை.
போஜனோடு கேரட் விலைக்காகச் சண்டை போட்டேன்.
பிறகு இருட்டில் எதற்கோ சிரித்தோம்.
ஒரு சமயம் நெஞ்சு தடதடவென்று அடித்தது.
எதற்கென்று சொல்வதாயில்லை.

படிவம் வந்தது: தரவு விடுபட்ட காரணம்?
ஒரே சொல் எழுதி அனுப்பினேன்: மஞ்சு.

மறுநாளே அழைத்துவிட்டாள். செவ்வாய்கூட இல்லை.
பக்கத்தில் டை கட்டிய ஒருவர்.
"மஞ்சு யாருக்கா?
உங்க பட்டைய அவங்க கட்டியிருந்தாங்களா?
வயசு என்ன?
அவங்ககிட்ட கையெழுத்து வாங்கலையே நாம!"

போனைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பினேன்.
ஏறி வந்துகொண்டிருந்தது.
முதலில் பால் கேன்கள் போயின,
அப்புறம் சாலை, அப்புறம் போன் பிடித்த என் கை.
டை கட்டியவர் ஏதோ கேட்டார்.
"அக்கா, எல்லாம் வெள்ளையா இருக்கு. இருக்கீங்களா?"

இருக்கேன், என்றேன்.
மணிக்கட்டுக்கு அடியில் பச்சை வெளிச்சம்
மினுக்கி மினுக்கி
எண்ணிக்கொண்டிருந்தது.