நீல மூடி

செவ்வாய்க்கிழமை இரவிலிருந்து
எங்களுக்குள் பேச்சில்லை.
அவள் தம்பி லோகசீலனுக்கு நான் தரமாட்டேன் என்ற எண்ணூறு வெள்ளி
பத்து நாளுக்கு முன்பே அவன் கைக்குப் போய்விட்டது என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை,
ரெலாவ் பிளாட்டின் கீழே
மைவியின் பானெட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்து நிறுத்தினேன்.
முந்தின நாள் விமான நிலையத்தில் ஏற்றிய இருவர்
பத்து பெரிங்கி போய்ச் சேர்வதற்குள்
பாதி உடம்பைச் சன்னலுக்கு வெளியே வைத்திருந்தார்கள்.
இரண்டு நட்சத்திரம்.
'ஓட்டுநர் நல்லவர், வண்டி அடுப்பு.'

ஏர்கோன் கடை ஆ லெக் நூற்றைம்பது கேட்டான்.
தபாலில் வந்த டப்பா, குழாய், மீட்டர் எல்லாம் சேர்த்து
நாற்பத்தெட்டு.
குறிப்புத்தாள் முழுக்கச் சீனம்.
நல்லவேளை, படம் இருந்தது.
தடித்த குழாய். அதில் நீல மூடி.
சிவப்பு மூடிக்குப் பக்கத்தில்
ஒரு மனிதன் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறான்.
கடைசிப் படத்தில் இரண்டு பேர்:
ஒருவர் வெளியே, டப்பாவோடு.
மற்றவர் உள்ளே, மிதியில் காலோடு.

ஏழு மாடி ஏறிப் போய்
அரிசி களைந்துகொண்டிருந்தவள் முன்னால்
தாளை வைத்தேன்.
கையைத் துடைத்துக்கொண்டு
தலைகீழாக ஒரு தரம், நேராக ஒரு தரம் பார்த்தாள்.
சாவியை எடுத்தாள்.
லிப்டில் இறங்கும்போது
மாடி எண்களை இருவரும் கவனமாகப் படித்தோம்.

தூக்கிய பானெட் நடுவில் நின்றது.
முகம் தெரியாமல் பேசுவது
அத்தனை கடினமில்லை.
"அழுத்து."
இஞ்சின் உறுமியது.
"இவ்வளவு வேணாம். கொஞ்சம் விடு."
"இப்ப?"
"முள்ளு ஆயிரத்தைந்நூறுல நிக்கட்டும்."
"நிக்குது."
நாலு நாளில் இதுதான் எங்கள் நீண்ட பேச்சு.

டப்பா முதலில் வியர்த்தது.
பிறகு பனி பூத்தது.
வெளியே முப்பத்துநாலு பாகை வெயில்,
என் விரல்நுனி மரத்துப்போயிற்று.
காக் ஹமிடாவின் பூனை வந்து செருப்பை முகர்ந்துவிட்டு
பிடிக்காமல் போனது.
இத்தனை நாளாகக் கவ்வியும் விட்டும்
டக் டக்கென்று திணறிய கம்ப்ரெசர்
ஒரு தடவை கவ்வி
அப்படியே பிடித்துக்கொண்டது.
முள் பச்சையில்.

டப்பாவில் இன்னும் மிச்சம் ஆடியது.
காசு கொடுத்ததாயிற்றே, விடு என்றது கை.
பச்சைக்குப் பிறகு சிவப்பு.
கண்ணைப் பொத்திய மனிதனை நினைத்துக்கொண்டு
குழாயைக் கழற்றினேன்.
"வருது," என்றாள் உள்ளேயிருந்து.

என் வண்டியில்
பயணி இருக்கையில் உட்கார்ந்தது
எனக்கு அதுதான் முதல் தடவை.
இங்கிருந்து பார்த்தால்
கண்ணாடியில் விரிசல் இருப்பது தெரிகிறது.

"ஏன் கேஸ் தீர்ந்துச்சு?"
"கேஸ் தீராது. மூடுன குழாய்க்குள்ளேயே
சுத்திக்கிட்டே இருக்கும்.
குறைஞ்சா எங்கியோ ஓட்டைன்னு அர்த்தம்."
சொன்ன பிறகுதான்
சொன்னது என் காதில் விழுந்தது.
அவள் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த தூசியை
நகத்தால் சுரண்டினாள்.
"எங்கன்னு பாத்தீங்களா?"
"பாக்கல."
"இது எத்தனை நாளைக்கு?"
"மூணு மாசம். தீபாவளிவரைக்கும் தாங்கும்."
"அப்ப மறுபடி நான் கீழ வரணும்."
அது கேள்வியா என்று
எனக்குப் பிடிபடவில்லை.

எங்கும் போகாமல் இஞ்சின் ஓடியது.
பெட்ரோல் எரியுது என்று
நான் சொல்லவில்லை.
மேலே, தண்ணீரில்
அரிசி ஊறிக்கொண்டிருக்கும்.

போன் ஒலித்தது.
பாயான் பாருவிலிருந்து ஜார்ஜ்டவுன், பதினோரு வெள்ளி.
எடுக்கப் பன்னிரண்டு வினாடி.
திரையில் எண்கள் இறங்குவதை
அவள் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.